ஒரு லோடு வெல்ட்ஸ்பார்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு யார் போன் செய்தாலும் நான் நிம்மதியாகப் பேசுவேன். நாலே முக்கால் தாண்டினால் எடுக்க மாட்டேன். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டின் சர்வரைத் தினமும் உலக நேரம் 11 மணிக்கு நிறுத்தி எழுப்புகிறார்கள். நம் கடிகாரத்தில் அது 4.30. எழுந்து வந்தவுடன், விண்பாறைகள் கூட்டமாக மிதக்கும் பெல்ட்டுகளில் வெட்டித் தீர்ந்துபோன பாறைகள் எல்லாம் மறுபடி முளைத்து நிற்கும். வேலை நாளில் இரவு ஒன்பதரைக்கு நான் உள்ளே நுழையும்போது நல்ல பாறைகளை யாராவது தின்று முடித்திருப்பார்கள். முழுப் பெல்ட்டைப் பார்க்க எனக்கு ஞாயிறு மட்டும்தான்.

கரூர்ப் பக்கம் இரண்டு கிரஷருக்கும் ஒரு குவாரிக்கும் கணக்கு எழுதுகிறேன். பதினான்கு வருஷம் ஆகிறது. ஜல்லி, எம்-சாண்ட், நடைச்சீட்டு, டீசல் பில், ஜிஎஸ்டி. 2022 செப்டம்பரில் என் தம்பி வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் இந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினான். "அக்கா, இதுல கல் வெட்டி விக்கலாம். உனக்குப் பழக்கமான தொழில்" என்றான். அவன் சொன்னதில் இருந்த உண்மை முழுசாக விளங்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வருகிற யாருக்காவது உதவும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் இருக்கும் சிசிபி என்ற நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு இது. சீனாவைத் தவிர உலகத்தில் எல்லாரும் ஒரே சர்வரில், நியூ ஈடன் என்ற ஒரே பிரபஞ்சத்தில்தான் ஆடுகிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். பணத்தின் பெயர் ஐஎஸ்கே. ஐஸ்லாந்து நாட்டு நாணயத்தின் குறியீடும் அதே மூன்று எழுத்துதான். என்னை உள்ளே இழுத்தது வேறு ஒன்று. அங்கே ஓடுகிற கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை ஆட்டக்காரர்கள் கட்டியவை. அந்தக் கப்பலுக்கான உலோகம் ஆட்டக்காரர்கள் வெட்டிய கல்லில் இருந்து வந்தது. பெரிய போர் ஒன்றில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் எரிந்தன என்று செய்தி வந்தால், அத்தனைக்கும் அடியில் யாரோ ஒருவர் பாறை முன்னால் உட்கார்ந்து லேசரை ஓட்டிய நேரம் இருக்கிறது. குவாரிக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் குவாரிக் கல் எந்தப் பாலத்தில், எந்த வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கிறதென்று நான் பார்த்ததே இல்லை.

பயிற்சிப் பணிகளைச் செய்து முடித்தால் கூலியாகவே ஒரு வென்ச்சர் கப்பல் கிடைக்கும். சின்னக் கப்பல், இரண்டு லேசர். கல் கொள்கிற இடம் 5,000 கன மீட்டர். அந்த எண்ணைப் பார்த்ததும் கை தானாகக் கால்குலேட்டருக்குப் போனது. எங்கள் ஊரில் ஜல்லியை யூனிட்டில்தான் சொல்வோம், ஒரு யூனிட் 100 கன அடி. 5,000 கன மீட்டர் என்றால் ஏறக்குறைய 1,765 யூனிட். நாலு யூனிட் ஏற்றுகிற டிப்பரில் 440 நடை. அந்த விளையாட்டிலேயே மிகச் சின்ன சுரங்கக் கப்பல் அது.

முதல் நாள் வெட்டியது வெல்ட்ஸ்பார். எல்லாருக்கும் முதல் கல் அதுதான், பாதுகாப்பான மண்டலங்களில் எங்கும் கிடைக்கும். பெயரைப் பார்த்ததும் ஃபெல்ட்ஸ்பார் ஞாபகம் வந்தது. எங்கள் மாவட்டத்தில் குவார்ட்ஸோடு சேர்த்து வெட்டுகிற கல். பாறைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் போய், லாக் செய்து, இரண்டு லேசரையும் போட்டால் நிமிஷத்துக்கு ஒரு சுற்று கல் வந்து விழும். ஒரு வெல்ட்ஸ்பார் 0.1 கன மீட்டர். ஆக, கப்பல் நிறைய ஐம்பதாயிரம் கல். என் ஆரம்பத் திறமைக்கு அரை மணி நேரம் ஆனது. நிறைந்ததும் பக்கத்து விண்வெளி ஸ்டேஷனுக்குப் போய், சரக்கின் மேல் வலது சொடுக்கு, 'உடனே விற்க' என்பதைத் தொட்டேன். ஒரு கல் 6.20 ஐஎஸ்கே வீதம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம். வரி எட்டு சதவீதம் போக 2,85,200. மூன்று லட்சம் சம்பாதித்துவிட்டேன் என்று தம்பிக்கு வாட்ஸப் அனுப்பினேன். அப்படியே பத்து நாள் ஓட்டினேன்.

பதினோராவது நாள்தான் சந்தைப் பட்டியலை முழுசாகத் திறந்து பார்த்தேன். ஆறு ஜம்ப் (ஒரு நட்சத்திர மண்டலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவது ஒரு ஜம்ப்) தள்ளி டோடிக்ஸி. ஆட்டத்துக்குள் இருக்கும் கேலெண்டே நாட்டின் பெரிய சந்தை அது. அங்கே அதே கல்லை உடனே வாங்கிக்கொள்ள 12.10 கொடுக்கிறார்கள். அவசரப்படாமல் நாமே விலை குறித்து வைத்தால் 14. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நான் விற்ற ஸ்டேஷனில் 6.20-க்கு ஆர்டர் போட்டு வைத்திருந்தவர் யாரோ, அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. ஆறு ஜம்ப் போகச் சோம்பல்படுகிறவர்களுக்காக வலை விரித்துக் காத்திருந்தார். பத்து நாளாக என் சரக்கில் பாதிக்கு மேல் அவருக்குப் போயிருக்கிறது.

கிரஷரில் இதை நான் தினம் எழுதுகிறேன். குவாரி வாசலில் ஜல்லிக்கு ஒரு விலை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேலை நடக்கிற இடத்தில் ஒரு விலை. நடுவில் இருப்பது லாரி வாடகை, டீசல், டிரைவர் பேட்டா. கல்லுக்கென்று பெரிய விலை கிடையாது, அது தேவைப்படுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்குத்தான் காசு. பதினான்கு வருஷம் லெட்ஜரில் எழுதிய விஷயம் ஆட்டத்தில் எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்து அன்று இரவு தூங்க நேரமாகிவிட்டது.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அதில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது. ஒரு லோடு 50,000 கல். டோடிக்ஸியில் 14 வீதம் விலை குறித்து விற்றால் ஏழு லட்சம். அதில் விற்பனை வரி எட்டு சதவீதம் 56,000, தரகு மூன்று சதவீதம் 21,000. கையில் 6,23,000. அங்கேயே உடனே தள்ளினால் 12.10 வீதம் 6,05,000, வரி போக 5,56,600. தரகு கிடையாது, காத்திருக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 66,000 வித்தியாசம். நான் காத்திருக்கிற பக்கம். ஆட்டத்தை மூடிவிட்டுத் தூங்கினாலும் நம் விலைச்சீட்டு சந்தையில் நின்றுகொண்டிருக்கும், காலையில் பணம் வந்திருக்கும். அக்கவுண்டிங் என்ற திறமையைக் கற்றால் விற்பனை வரி குறையும், அப்போதைய விகிதத்தில் ஐந்தாம் நிலை வரை போனால் எட்டு 3.6 ஆனது. சுரங்கத் திறமைகளுக்கு முன்னால் நான் வரிசையில் போட்டது அதைத்தான். பெயருக்காகவும்தான், மறைப்பானேன்.

ஒவ்வொரு லோடுக்கும் ஆறு ஜம்ப் போய்வந்தால் கட்டுப்படியாகாது. அதற்கு மியாஸ்மோஸ் என்று ஒரு லாரி இருக்கிறது. கல் மட்டுமே ஏற்றுகிற கேலெண்டே சரக்குக் கப்பல், 40,000 கன மீட்டருக்கு மேல் பிடிக்கும். வென்ச்சரில் எட்டு லோடு வெட்டி ஸ்டேஷனில் குவித்து வைப்பேன். எட்டு சேர்ந்ததும் ஒரே நடை. வாரத்துக்கு ஒரு நடை, பெரும்பாலும் வெள்ளி இரவு. இந்த ஒரு மாற்றத்தில்தான் என் கையில் பணம் நிற்க ஆரம்பித்தது. லேசரை மாற்றியதாலோ வேகமாக வெட்டியதாலோ அல்ல.

அடுத்து எந்தக் கல்லை வெட்டுவது என்ற கேள்வி. புதிதாக வருகிறவர்கள் பட்டியலில் ஒரு கல்லின் விலையைப் பார்த்துவிட்டு விலை அதிகமானதைத் தேடி ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். ஒரு நாள் நோட்டில் குறித்தது: வெல்ட்ஸ்பார் 14, பிளாஜியோகிளேஸ் 42. மூன்று மடங்கு! ஆனால் பிளாஜியோகிளேஸ் ஒன்று 0.35 கன மீட்டர். லேசர் கல்லை எண்ணி வெட்டுவதில்லை, கன மீட்டராகத்தான் வெட்டுகிறது. கப்பல் நிறைவதும் கன மீட்டரால்தான். அப்படி வகுத்தால் வெல்ட்ஸ்பார் கன மீட்டருக்கு 140, பிளாஜியோகிளேஸ் 120. அன்றைக்கு மட்டமான கல்தான் அதிகக் காசு. வேறொரு வாரம் தலைகீழாக இருந்தது. யூனிட் விலையும் டன் விலையும் குழம்பிப் போகிற புது டிரைவர்களை நான் திட்டியதுண்டு. இனித் திட்ட மாட்டேன்.

உருக்கி விற்கலாமா என்று தம்பி கேட்டான். நூறு வெல்ட்ஸ்பாரை முழுசாக உருக்கினால் 400 டிரிட்டானியம் உலோகம். ஆனால் திறமை இல்லாமல் சாதாரண ஸ்டேஷனில் உருக்கினால் பாதிதான் வரும், அதிலும் ஸ்டேஷன்காரர் தன் பங்கைப் பிடித்துக்கொள்வார். மிச்சம் காற்றோடு போயிற்று. ஆரம்பத்தில் கல்லாகவே விற்பதுதான் சரி. உருக்குகிற திறமை உள்ளவர்கள் அந்தக் கல்லை நம்மிடம் நல்ல விலைக்கு வாங்கவே சந்தையில் காத்திருக்கிறார்கள்.

தம்பியோடு எனக்கு ஒரு பெரிய சண்டை வந்தது. அவன் வெட்டிய கல்லை உருக்கி, பீரங்கிக் குண்டு செய்து விற்றுக்கொண்டிருந்தான். லாபம் என்று குதித்தான். நோட்டை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் குண்டுக்குள் போன உலோகத்தை அப்படியே விற்றிருந்தால் குண்டு விலையைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

"அக்கா, அந்தக் கல்லு நான் வெட்டினது. எனக்குச் சும்மா கெடச்சது."

"சும்மா கெடச்சதா? நீ உக்காந்த நேரம் எங்கடா போச்சு? அந்தக் கல்ல வித்திருந்தா வந்திருக்க வேண்டிய காசு எங்க?"

"நான்தான் பணம் குடுத்து வாங்கலியே."

"அப்பா நெலத்துல வெளஞ்ச நெல்லுன்னு அரிசிய சந்தை விலைக்குக் கீழ விப்பியா?"

அவன் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு குண்டு செய்வதை நிறுத்திவிட்டான். இந்த ஒரு தப்பை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம் கையால் வெட்டிய கல்லுக்கும் சந்தை விலை உண்டு. அது நம் நேரத்தின் விலை.

பார்ஜ் என்கிற பெரிய சுரங்கக் கப்பலின் கதைக்கு வருகிறேன். வென்ச்சருக்கு அடுத்த படி மூன்று கப்பல்கள். ரிட்ரீவர் நிறையக் கொள்ளும், கோவெட்டர் வேகமாக வெட்டும், ப்ரொக்யூரர் அடி தாங்கும். ஓட்டுவதற்கு மாதச் சந்தா வேண்டும், கட்டினேன். "ப்ரொக்யூரர் வாங்குக்கா" என்று தம்பி சொன்னான். அடிக்கடி ஸ்டேஷனுக்குப் போகாமல் இருக்கலாம் என்ற ஆசையில் ரிட்ரீவர் வாங்கினேன். மூன்று கோடியே எண்பது லட்சம். அதற்கு இன்ஷூரன்ஸ் போடவில்லை. தொழிலில் ஒரு டிப்பரைக்கூட இன்ஷூரன்ஸ் இல்லாமல் வெளியே விட்டதில்லை நான்.

பாதுகாப்பு மண்டலம் என்றால் யாரும் சுட முடியாது என்று அர்த்தமில்லை. சுட்டால் கான்கார்ட் என்ற காவல் படை வந்து சுட்டவனை அழிக்கும். அவ்வளவுதான். வரும் வேகம் மண்டலத்தின் பாதுகாப்பு எண்ணைப் பொறுத்தது. 1.0 என்று குறித்த மண்டலத்தில் ஆறேழு வினாடி, 0.5-ல் இருபது வினாடி அளவுக்கு ஆகும். நான் 0.5-ல் இருந்தேன், ஏனென்றால் அங்கே கூட்டம் குறைவு. கப்பலில் 22,000 கன மீட்டர் கல் இருந்தது. பருப்பை இறக்கிவிட்டு வரலாம் என்று அடுப்படிக்குப் போனேன். குக்கர் சத்தத்துக்கு நடுவே எச்சரிக்கை ஒலி கேட்டது. ஓடி வந்தபோது மூன்று கேட்டலிஸ்ட் கப்பல்கள் ஒட்டி நின்றன. கேடயம் போய், கவசம் போய், உடல் சிவந்துகொண்டிருந்தது. கான்கார்ட் வந்தது. மூன்று பேரையும் அழித்தது. அதற்கு மூன்று வினாடி முன்பே என் ரிட்ரீவர் இல்லை. நான் பாட் என்ற தப்பிக்கும் கூண்டுக்குள் மிதந்துகொண்டிருந்தேன். நாலாவதாக ஒருவர் அமைதியாக வந்து சிதறிய சரக்கை அள்ளிக்கொண்டு போனார்.

அவர்களுக்கு மூன்று மலிவுக் கப்பல்தான் நஷ்டம். எனக்கு? கல்லின் விலை முப்பது லட்சம்தான், அது போகட்டும். கப்பலை மறுபடி வாங்க வென்ச்சரில் அறுபத்தோரு லோடு வெட்ட வேண்டும். அறுபத்தொன்று என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சொல்வதில் வெட்கமில்லை. அது என் ஞாயிற்றுக்கிழமைகள்.

அதற்குப் பிறகு என் பழக்கங்கள் மாறின. சுற்றுவட்டாரக் கப்பல்களைக் காட்டும் டைரக்ஷனல் ஸ்கேனரை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை அழுத்துகிறேன். 14.3 ஏயூ (ஒரு ஏயூ, பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள தூரம்) வரை அது காட்டும், கேட்டலிஸ்ட் என்ற பெயர் இரண்டு மூன்று வரிசையாகத் தெரிந்தால் பெல்ட்டில் நிற்பதில்லை. 0.5 பக்கம் போவதில்லை, கூட்டம் இருந்தாலும் 0.8-ல்தான். நாற்காலியை விட்டு எழுந்தால் கப்பலை ஸ்டேஷனுக்குள் வைத்துவிட்டுத்தான் எழுவேன். ஆட்டத்திலேயே பெரிய சந்தையான ஜிடாவில் விலை இன்னும் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் டோடிக்ஸிப் பக்கமிருந்து அங்கே போகும் குறுக்கு வழி உவெடாமா வழியாக. கொள்ளைக்காரர்களுக்குப் பேர்போன 0.5 மண்டலம். ஒரு ஐஎஸ்கே கூடுதலாகக் கிடைக்கும் என்று என் மியாஸ்மோஸை அந்த வழியில் விட மாட்டேன். எங்கள் ஓனர் மழைக்காலத்தில் சில ரோட்டுக்கு வண்டி அனுப்ப மாட்டார், வாடகை எவ்வளவு கேட்டாலும். அதே கணக்கு.

வென்ச்சரைக் குறைவாக நினைக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். விலை கொஞ்சம்தான், நம்மைப் பிடித்து நிறுத்த வருகிறவனிடமிருந்து நழுவும் சக்தி அதற்கு இயல்பாகவே இரண்டு புள்ளி கூடுதல், பெல்ட்டில் வரும் சில்லறைக் கொள்ளையர்களைச் சமாளிக்க இரண்டு டிரோன் வைக்கலாம். அதில் சம்பாதித்த பணத்தை இழக்க நேர்ந்ததெல்லாம் பெரிய கப்பலுக்கு அவசரப்பட்டபோதுதான்.

இதை விளையாடி ரூபாய் வருமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். வராது. ஐஎஸ்கேவை நிஜப் பணத்துக்கு விற்பது விளையாட்டின் விதிப்படி குற்றம், கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஐஎஸ்கே கொடுத்து பிளெக்ஸ் என்ற சந்தா டோக்கன் வாங்கிச் சந்தாவை அதிலேயே கட்டலாம் என்பது மட்டும் உண்டு. அதையும் கணக்குப் போட்டேன். ஒரு மாதத்துக்கு 500 பிளெக்ஸ். நான் பார்த்த அன்று ஒரு பிளெக்ஸ் நாற்பது லட்சம் அளவில் இருந்தது, ஆக 200 கோடி ஐஎஸ்கே. வென்ச்சரில் மணிக்குப் பன்னிரண்டரை லட்சம் என்று வைத்தால் 1,600 மணி நேரம். முப்பது நாள் மாதத்தில் மொத்தமே 720 மணிதான் இருக்கிறது. கல் வெட்டியே சந்தா கட்டிவிடலாம் என்று யாராவது புதியவரிடம் சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள். நான் சந்தாவை நிறுத்திவிட்டு மூன்று மாதம் இலவசமாக வென்ச்சரில் ஓட்டினேன், மனசுக்கு அதுவே பிடித்திருந்தது.

இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. நோட்டு இரண்டாவது ஓடுகிறது. சந்தாவை மறுபடி கட்டினேன், போன மாதம் ப்ரொக்யூரர் வாங்கினேன், இன்ஷூரன்ஸோடு. தம்பிக்குப் படம் அனுப்பினேன். "அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு நாலு லட்சம் வெல்ட்ஸ்பாரை டோடிக்ஸியில் இறக்கி 14.60 விலை குறித்துவிட்டுப் படுத்தேன். காலையில் காபி போட்டுக்கொண்டே பார்த்தால் 2,63,000 போயிருந்தது. வாங்கியவரின் பெயர் பணக் கணக்கில் தெரியும். ஒரே ஆள். தொட்டுப் பார்த்தேன், கப்பல் கட்டுகிற ஆட்டக்காரர் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர். இரண்டு மூன்று நாளில் என் கல் உருகி ஏதோ ஒரு கப்பலின் உடம்பில் போய்ச் சேர்ந்துவிடும். மீதி 1,37,000 இன்னும் சந்தையில் நிற்கிறது. மணி நாலு இருபது. தேநீர் வைக்க வேண்டும்.